காஸ்டிக் கண்ணில் தெறித்தால் என்ன செய்ய வேண்டும்? சாயப்பட்டறைக்கான பயிற்சி

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தரும் சூப்பர்வைசர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லாரையும் உட்கார வைத்துப் படம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள், அது போதவே போதாது. காஸ்டிக் (காஸ்டிக் சோடா என்கிற கடுமையான காரம்) கண்ணில் தெறித்தவரால் கண்ணைத் திறக்கவே முடியாது. அந்த நேரத்தில் குழாய் எங்கே என்று யோசிக்காமல் கால் தானாக அங்கே போக வேண்டும்.

அதனால் காஸ்டிக் கரைக்கிற இடத்தில் ஒருவரை நிறுத்தி, கண்ணைத் துணியால் கட்டி, கண் கழுவும் குழாய் வரை நடக்கச் சொல்லுங்கள். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே போகட்டும். 10 நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் கேனோ துணி மூட்டையோ இடித்தால் அன்றைக்கே அதை அகற்றிவிடுங்கள்.

சரி, குழாய்க்கு வந்தாயிற்று. பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை விடுங்கள், இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்கும் காஸ்டிக் போய்விடும். வலியில் இமை இறுக மூடிக்கொள்ளும் என்பதால் இன்னொருவர் கையுறை போட்டுக்கொண்டு இமைகளை விரித்துப் பிடிக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம், காஸ்டிக் என்றால் அதற்கும் மேலே. 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது போனில் டைமர் வைத்துக் கையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும், மூன்று நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், அதையும் பயிற்சியில் செய்து பாருங்கள். எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், காஸ்டிக் திசுவுக்குள் இறங்கி உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

அசிட்டிக் ஆசிட் ஊற்றினால் காஸ்டிக் முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சூட்டைக் கிளப்பும், கூடவே அமிலக் காயமும் சேரும். வெறும் தண்ணீர்தான். கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் டிரம் லேபிளைப் படம் எடுக்கட்டும். எந்தக் கெமிக்கல் என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

உடம்பு மேலே பட்டால் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். வாய்க்குள் போயிருந்தால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அப்புறம் கரைக்கும்போது: தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஹைட்ரோ (சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) டிரம்மில் ஈரக் கை, ஈர மக் எதுவும் படக் கூடாது, ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஹைப்போவும் (துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிடும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்கிற விஷவாயு வரும், அதனால் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் பின்னாலேயே இறங்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷவாயு இருக்கலாம், அதன் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கவில்லையே என்று நம்பக் கூடாது, அது அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். காற்றுச் சிலிண்டரும் முகக்கவசமும் கயிறும் உள்ள, பயிற்சி பெற்ற ஆள்தான் உள்ளே இறங்க வேண்டும்.

ஒடிசா, பீகார் தம்பிகள் வேலை செய்கிற பட்டறை என்றால் இதையெல்லாம் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, ஆபீஸ் சுவரில் இல்லாமல் டிரம் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.