ஊராட்சித் தேர்தல் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டா மாவட்டங்களில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாட்களில். அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. 2019-இல் ஒன்றிய அலுவலகங்களில் தேர்தல் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்களில் நிறையப் பேர், என்னையும் சேர்த்து, ஓய்வு பெற்றுவிட்டோம். பிறகு வேலைக்கு வந்த ஊராட்சிச் செயலர்களும் இளநிலை உதவியாளர்களும் சட்டமன்றத் தேர்தலைப் பார்த்திருப்பார்கள், நாடாளுமன்றத் தேர்தலைப் பார்த்திருப்பார்கள். ஊராட்சித் தேர்தலைப் பார்த்ததில்லை. சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் பேசினால், நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறுகளையே அவர்களும் செய்யப் போகிறார்கள் என்று தெரிகிறது.

எழுத்துப்பிழை, முத்திரை வைக்க மறந்தது, படிவத்தில் தேதி விட்டுப்போனது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மேலதிகாரி அன்றைக்கே கண்டுபிடித்துத் திட்டிவிடுவார். யார் கண்ணிலும் படாமல் ஐந்து வருடம் ஒரு தெருவைக் கஷ்டப்படுத்தும் தவறுகள் வேறு.

"பேரைச் சேத்துடறேம்மா" என்று வாக்குக் கொடுப்பது

"மருமக பேரு லிஸ்ட்ல இல்ல தம்பி" என்று ஒரு அம்மா ஊராட்சி அலுவலகத்துக்கு வருவார். செயலர் ஆதார் நகலை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்புவார். நகல் டிராயரிலேயே கிடக்கும்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதற்கான வாக்காளர் பட்டியல், இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதில் இல்லாத பெயரை ஊராட்சிப் பட்டியலில் நீங்களாக எழுத முடியாது. சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. அந்த அம்மாவை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அன்றைக்கே அனுப்புங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள்.

மேஜையில் உட்கார்ந்தபடி வார்டு பிரிப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சட்டமன்றப் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் தெருவாரியாகப் பிரிவுகள். ஊராட்சிக்கு வேண்டியது வார்டுவாரிப் பட்டியல். எந்தத் தெரு எந்த வார்டு என்று பார்த்து, பெயர்களை அந்தந்த வார்டில் கொண்டுபோய் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு மத்தியானத்தில் கம்ப்யூட்டரில் முடித்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

நம் ஊர்களின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது. தாய்க்கிராமம் ஒன்று, வாய்க்காலுக்கு அந்தண்டை ஒரு குக்கிராமம், ஆற்றங்கரையில் பத்து வீடு, வயல் நடுவே திடலில் ஒரு குடியிருப்பு, இவ்வளவும் சேர்ந்தது ஒரு ஊராட்சி. ஒவ்வொன்றிலும் ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு, ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். பட்டியலில் பல இடங்களில் 'மேலத்தெரு' என்று மட்டும் இருக்கும், எந்த ஊர் மேலத்தெரு என்று இருக்காது. சரி, வீட்டு எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பட்டியலில் ஒரு எண், வரிப் பதிவேட்டில் வேறு எண், கதவில் பெயின்ட் அடித்திருப்பது மூன்றாவது எண்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு ஊராட்சி, பெயர் வேண்டாம். தாய்க்கிராமத்தின் மேலத்தெரு மூன்றாவது வார்டு. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் குக்கிராமம் ஐந்தாவது வார்டு. அங்கேயும் ஒரு மேலத்தெரு உண்டு, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கிற தெரு. பட்டியலைப் பிரித்தவர் இரண்டு மேலத்தெருவையும் மூன்றாவது வார்டில் போட்டுவிட்டார். வரைவுப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். விடிந்தால் வயலுக்குப் போய் இருட்டினால் வீடு திரும்பும் ஜனங்கள், வாய்க்காலைத் தாண்டி வந்து அதைப் படிப்பார்களா? யாரும் படிக்கவில்லை. ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று கோப்பில் எழுதிப் பட்டியலை இறுதி செய்தார்கள்.

ஐந்தாவது வார்டில் நிற்க அந்தக் குக்கிராமத்துப் பெண் ஒருவர் மனு கொடுத்தார். மகளிர் குழுவை ஒழுங்காக நடத்தியவர், ஊரில் நல்ல பெயர். அவரை முன்மொழிந்தவர் அதே மேலத்தெருவில் இருக்கும் பெரியப்பா. வேட்பாளரின் பெயர் அந்த ஊராட்சியின் எந்த வார்டில் இருந்தாலும் போதும். ஆனால் முன்மொழிகிறவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருந்தாக வேண்டும். பெரியப்பாவின் பெயர் மூன்றாவது வார்டில் இருந்தது. பரிசீலனையில் மனு தள்ளுபடி. ஐந்தாவது வார்டில் மிச்சமிருந்தது ஒரே மனு, அதைக் கொடுத்தவர் போட்டியின்றி உறுப்பினரானார்.

வாக்குப்பதிவு அன்று மேலத்தெருப் பெண்கள், தாளடியில் களையெடுக்கப் போகும் முன் ஓட்டுப் போட்டுவிடலாம் என்று காலையிலேயே வரிசைக்கு வந்தார்கள். கையில் கிடைத்தது மூன்றாவது வார்டின் சீட்டு. அதில் இருந்த பெயர்களில் ஒருவரைக்கூட அவர்களுக்குப் பழக்கமில்லை. குக்கிராமத்தின் மற்றத் தெருக்காரர்களுக்கோ உறுப்பினருக்கான சீட்டே இல்லை.

பட்டியலைப் பிரித்தவரிடம் இதைக் கேட்டபோது, "பட்டியல்ல பேரு இருக்குல்ல, ஓட்டும் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. மாவட்ட ஊராட்சி உறுப்பினர், ஒன்றிய உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூன்றும் பெரிய பரப்புக்கு. நான்காவதாக இருக்கும் வார்டு உறுப்பினர் ஓட்டு ஒன்றுதான் அவருடைய தெருவைப் பற்றியது. தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், சுடுகாட்டுக்குப் போகும் பாதை எல்லாம் அந்த ஓட்டில்தான் இருக்கிறது. ஒரு தெருவையே பிடுங்கி வேறு வார்டில் நட்டால், ஐந்து வருடம் மன்றக் கூட்டத்தில் அந்தத் தெருவின் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது. அங்கே அப்படித்தான் நடந்தது. குழாய் போட்டதில் அந்தத் தெரு கடைசியாகத்தான் வந்தது.

வழக்குப் போடலாமே என்பார்கள். முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வக்கீல் வைத்து அலைவது யாரால் முடியும்? இறுதியான பட்டியலைக் குறை சொல்லி ஜெயித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மனுத் தாக்கல் முடிந்த பிறகு பட்டியலில் கைவைக்கவும் முடியாது. ஆகவே சரிசெய்யக்கூடிய காலம் வரைவுப் பட்டியல் வரும் வரைக்கும், வந்த சில நாட்களுக்கும்தான்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் வார்டு மறுவரையறை அறிவிக்கையின் நகலைக் கையில் எடுங்கள். எந்தத் தெரு எந்த வார்டு என்பதை ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள், பழைய தலைவரிடம் கேட்டும் எழுதாதீர்கள். அடுத்தது, இப்போது நடப்பில் இருக்கும் பட்டியல்தானா என்று பாருங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதற்கு முந்தைய பாக எண்ணையும் வரிசை எண்ணையும் நம்பி வேலை செய்தால் எல்லாம் தப்பாகும்.

அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். டேங்க் ஆபரேட்டரையும் தூய்மைக் காவலரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், எந்த மருமகள் எந்தத் தெருவிலிருந்து வந்தாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிரிவின் முதல் வீட்டையும் கடைசி வீட்டையும் நேரில் பார்த்து, மதகு, கோயில், அங்கன்வாடி என்று பக்கத்து அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் குக்கிராமத்தின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள்.

வரைவு வந்ததும் சுவரில் ஒட்டியதோடு நிறுத்தாதீர்கள். சாயங்காலம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் போய் வார்டையும் குடும்பத் தலைவர் பெயரையும் உரக்க வாசியுங்கள். "எங்க வீடு அதுல வராதே" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தக் குரலைக் கேட்கத்தான் போகிறீர்கள்.

மழையைக் காரணம் சொல்வார்கள். 1996, 2001, 2006, 2011 தேர்தல்கள் எல்லாம் அக்டோபரில் வந்தவை. பட்டியல் வேலை சம்பா நடவும் மழையும் சேர்ந்த நேரத்தில்தான் விழும். வரப்பில் சேறு முழங்கால் வரை இருக்கும். இருக்கட்டும். அந்தச் சேற்றில்தான் அந்த ஜனங்கள் தினமும் நடக்கிறார்கள்.

வரி பாக்கியில் விளையாடுவது

மனுத் தாக்கல் அறிவித்ததும் இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள் வீட்டு வரி கட்ட வரிசையில் நிற்பார்கள். வேண்டியவருக்கு உடனே ரசீது, வேண்டாதவருக்கு "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்று சொல்லும் செயலர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். யார் வந்தாலும் பணத்தை வாங்கி அந்த நிமிடமே ரசீது கொடுங்கள்.

பாக்கி என்ற ஒன்றாலேயே ஒருவர் தகுதி இழப்பதில்லை. முந்தைய ஆண்டு வரையிலான நிலுவைக்குக் கேட்பு (வரி கட்டச் சொல்லும் சீட்டு) அல்லது அறிவிப்பு முறைப்படி அவரிடம் சேர்க்கப்பட்டு, அதில் கொடுத்த கெடுவும் முடிந்திருக்க வேண்டும். அறிவிப்பே அனுப்பாமல் "இவர் பாக்கிதாரர்" என்று பரிசீலனையில் எழுந்து சொல்லும் செயலரால் யாருக்கும் நன்மை இல்லை. கேட்பு, வசூல், நிலுவை மூன்றும் பதிவேட்டில் ஒத்துப்போகிறதா என்று தேர்தல் பேச்சு எழும் முன்பே பாருங்கள். அறிவிப்பு கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து இருக்க வேண்டும்.

முன்தேதியிட்ட ரசீது கேட்பார்கள். அது குற்றம்.

தலைவர் பதவியை ஏலம் பேசும் கூட்டத்தில் நிற்பது

நிற்காதீர்கள். பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலருக்கு) அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

வாக்குச்சீட்டு மடிப்பைச் சொல்லித்தராமல் விடுவது

ஊராட்சித் தேர்தலில் இயந்திரம் இல்லை, சீட்டும் பெட்டியும்தான். 2019-இல் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் இன்னொரு வார்டுக்கு நீலம். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஆள் மாறினால் மேலே சொன்ன கதைதான் மறுபடியும் நடக்கும். யாருக்கு எது என்று பட்டியலைப் பார்த்து மட்டுமே கொடுக்க வேண்டும்.

இயந்திரத்துக்குப் பழகிய இளைஞர்கள் சீட்டைக் குறுக்காக மடித்துவிடுவார்கள். ஈர மை வேறு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், எண்ணும்போது அதை வைத்துச் சண்டை வரும். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக. ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் மடித்துக் காட்டுங்கள். ஒரு சீட்டு செல்லாமல் போவதால் சமநிலை வந்து, குலுக்கலில் தலைவர் வருகிற அளவுக்கு நெருக்கமாகப் போகும் ஊர்கள் உண்டு.

கிராம சபைக் கையெழுத்தை வேலைத்தளத்தில் வாங்குவது

இது நேரடியாகத் தேர்தல் வேலை இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். எண்ணிக்கையைக் காட்ட முந்தைய நாளே நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் ஜனங்கள் எழுந்து கேள்வி கேட்க இருக்கும் ஒரே இடம் அது. அதையும் வெறும் நோட்டாக்கிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் "அப்புறம் எழுதிக்கலாம்" என்று பக்கம் விடவும் கூடாது.

தோற்றவர்களை மறந்துவிடுவது

முடிவு அறிவித்ததும் ஜெயித்தவரைச் சுற்றி மாலையும் வேட்டும். தோற்றவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் தேர்தல் செலவுக் கணக்கை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய கடமை அவருக்கும் உண்டு. போட்டியின்றி வந்தவருக்கும் உண்டு. கொடுக்காதவரை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாதவராக ஆக்கலாம். 2019-இல் செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு நோட்டீஸ் அடித்துத் தோற்ற ஒருவர், கணக்கு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் அடுத்த வாய்ப்பை இழக்கிறார். முதல் முறை நிற்கும் பெண்களுக்கும் ஒதுக்கீட்டு வார்டுகளில் நிற்பவர்களுக்கும் இதை யாரும் சொல்வதில்லை. இறுதி வேட்பாளர் பட்டியல் வெளியான அன்றே எல்லோருக்கும் படிவத்தைக் கொடுத்து, எப்படி எழுதுவது என்று காட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இருபதாவது நாள் யார் யார் கொடுக்கவில்லை என்று பார்த்து, வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்.