நைஜல் ஃபராஜ் அரசியல குழப்பமில்லாம ஃபாலோ பண்றது எப்படி
ஃபராஜ் பிரிட்டிஷ் அரசியல்வாதி, கட்சி மாறிக்கிட்டே வந்தவரு. அதனால முதல்ல கட்சி பேரையெல்லாம் விட்டுட்டு வருஷத்தை புடிச்சுக்கோங்க, இல்லேன்னா தலை சுத்தும். 1992ல மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் (ஐரோப்பிய யூனியனை உருவாக்கினது) புடிக்காம கன்சர்வேட்டிவ் கட்சிய விட்டு வந்தவரு, 1999ல ஐரோப்பிய பார்லிமென்ட்டுக்கே எம்பியா போயி 2020 வரைக்கும் அங்க உக்காந்துக்கிட்டே ஐரோப்பிய யூனியனை திட்டினாரு (சம்பளமும் அங்கதான்!).

அடுத்து 2014 ஐரோப்பிய தேர்தல பாருங்க, அவரு அப்போ தலைவரா இருந்த யுகிப் கட்சி 24 சீட்டோட பிரிட்டன்ல முதலிடம், இது தெரிஞ்சாதான் 2016 பொது வாக்கெடுப்புல 51.9% பேர் ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறணும்னு (பிரெக்ஸிட்) ஓட்டு போட்டது பிடிபடும். 2019ல அவரு தலைமையில பிரெக்ஸிட் கட்சி, அதுதான் இப்போ ரிஃபார்ம் யுகே.

வெஸ்ட்மின்ஸ்டர் (பிரிட்டன் பார்லிமென்ட்) கணக்கு தனி, 7 தடவ தோத்து 2024ல கிளாக்டன் தொகுதில ஜெயிச்சாரு.

எல்பிசி ரேடியோ, 2021லேர்ந்து ஜிபி நியூஸ் டிவி, இதுல அவரு நடத்தின நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பாருங்க, என்னைக் கேட்டா மைக்கும் மேடையும் அவருக்கு ஒண்ணுதான்.