ஏறி இறங்கும் தாடை வீக்கம்: வெள்ளாட்டில் நான் கண்டது

நானும் மனைவியும் ஒரு பண்ணையில் வெள்ளாடுகளைப் பார்த்துக்கொண்ட மழைக்காலத்தில், சில ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் மெத்தென்று வீக்கம் வந்தது. தீனி எடுத்தன. கழிச்சல் இல்லை, புழுக்கை உருண்டையாகவே விழுந்தது. கட்டியோ என்று ஆன்டிபயாடிக் போட்டும் பலனில்லை. குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் கொடுத்தும் வற்றவில்லை.

மேய்ந்து திரும்பும்போது பெருத்திருந்த வீக்கம் விடிகாலையில் பாதியாகி இருந்ததுதான் துப்பு. சீழ்க்கட்டி அப்படி ஏறி இறங்காது. இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் கசியும். நாளெல்லாம் தலை குனிந்து மேய்வதால் அது தாடையில் தேங்கும். கீழ் இமையை விலக்கிப் பார்த்தோம்: சிவப்பு இல்லை, காகிதம் போல் வெளுப்பு. நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை இது. இதற்குப் பெரும்பாலும் கழிச்சல் வராது, அதனால்தான் பலரும் புழுவைச் சந்தேகிப்பதில்லை.

புழுக்கைப் பரிசோதனையில் முட்டைகள் ஏராளம். அல்பெண்டசோலுக்கு இந்தப் புழு மசியாததால் மருத்துவர் மருந்தின் வகையையே மாற்றினார்: குளோசான்டெல், கிலோ எடைக்கு 10 மி.கி. கண் மதிப்பில் ஊற்றக்கூடாது. அளவு மிஞ்சினால் ஆட்டின் பார்வை போய்விடும். தொங்கு தராசில் நிறுத்தே கொடுத்தோம். வீக்கம் வற்றியபோதுதான் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து மறுபடி முட்டை பார்க்க வேண்டும்.

இப்போது இமை வெளுத்த ஆடுகளுக்கு மட்டுமே மருந்து. மறுபடி புழு தொற்றாமல் இருக்க, பனி காய்ந்த பிறகே மேய்ச்சல். அகத்தித் தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுகிறோம்.