பழைய பாணிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? டார்ச்சையும் சிறு கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள்

மங்கிய மஞ்சள் மேல்பலகை, தேய்ந்ததுபோல் செய்த விளிம்பு, பழங்காலத்துக் கம்பி முறுக்கும் திருகுகள். பழைய மாடல்களின் மறுவெளியீட்டுக் கிட்டாரைப் பார்த்ததும் மனம் இளகிவிடும். ஆனால் அந்தப் பழமை பாலிஷில் இருக்கிறது. தரமோ ஒலித்துளைக்கு உள்ளே இருக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கடல்காற்றில் வாழப்போகும் கிட்டார் என்றால் உள்ளே பார்க்காமல் வாங்கவே கூடாது.

முதலில்: எதைப் பின்பற்றிச் செய்தது என்று கேளுங்கள்

"விண்டேஜ்" (பழைய காலத்து மாடல்) என்ற சொல் மட்டும் போதாது. எந்த ஆண்டின் எந்த மாடல் என்று கேளுங்கள். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1930-களில் மேல்பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குகட்டைகளை நடுவில் குடைந்து மெலிதாக்கியது. 1944-இல் அதை நிறுத்தியது. அந்தக் குடைவைத் தேடித்தான் பலர் மறுவெளியீடு வாங்குகிறார்கள். இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனின் ஜே-45 மாடல் 1942-இல் வந்தது. யமஹா தன் 1966-ஆம் ஆண்டு எஃப்ஜி180 மாடலை 2016-இல் நினைவுப் பதிப்பாக மீண்டும் செய்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு: கழுத்துக்குள், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட பகுதிக்குள், திருகு இருக்கிறதா? மார்ட்டின் கிட்டார்களில் கழுத்து வளைவைச் சரிசெய்யும் திருகு 1985-இல்தான் வந்தது. பழைய மாடலை அப்படியே அச்சாகச் செய்யும் சில கிட்டார்களில் இன்றும் அது கிடையாது. பருவத்துக்குப் பருவம் ஈரப்பதம் மாறும் நம் ஊரில், தொடக்கநிலையில் இருப்பவர் திருகு உள்ளதை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து: உள்ளே பாருங்கள்

ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துக் கவனியுங்கள். மேல்பலகையின் ரேகைகள் விளிம்பின் கனத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே மரப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

பிறகு கண்ணாடியை உள்ளே விட்டு, மேல்பலகையின் அடிப்புறத்தைப் பாருங்கள். தாங்குகட்டைகளின் முனைகள் பலகையோடு ஒட்டியிருக்க வேண்டும். சிறிது பசை வழிந்திருந்தால் கவலை இல்லை. இடுக்குத் தெரிந்தால் கவலைப்படுங்கள். விலை உயர்ந்த சில மறுவெளியீடுகளில், நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல்பசையைப் பயன்படுத்துகிறார்கள். அது கடும் சூட்டில் இளகும். அத்தகைய கிட்டாரை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள்.

பிரிட்ஜ்: இங்கே அவசரம் வேண்டாம்

மேல்பலகையில் ஒட்டி, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டைதான் பிரிட்ஜ். நான் தவறியது இங்கேதான். தேய்ந்த தோற்றத்தில் மயங்கி ஒரு கிட்டாரை வாங்கினேன். அந்த நவம்பர் மழையில் கம்பிகள் உயர்ந்து, அழுத்தவே விரல் வலித்தது. மின்கட்டண ரசீதின் ஓரத்தைப் பிரிட்ஜின் பின்பக்கம் வைத்துத் தள்ளினேன். தடையே இல்லாமல் கம்பி முளைகள் வரை உள்ளே போனது. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையைப் பிரிட்ஜின் மேல் போடுகின்றன. ஒட்டு சரியாகப் பிடிக்காத இடம் அங்கேதான் திறந்துகொள்ளும். அதைச் சரிசெய்ய, கிட்டாரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை வரை போனேன்.

அதனால் கடையிலேயே ஒரு தாளை எடுத்துப் பிரிட்ஜைச் சுற்றிலும் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. பிரிட்ஜின் பின்னால் மேல்பலகை இலேசாகப் புடைத்திருப்பது, மெலிதான கட்டமைப்பில் இயல்பு. முன்பக்கம் குழிந்து, பிரிட்ஜே முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கழுத்து

கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். முதல் ஃப்ரெட்டையும் 14-ஆம் ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்துங்கள். நடுவே ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இது திருகால் சரியாகும்.

திருகால் சரியாகாதது கழுத்தின் சாய்வு. நேரான அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே போய் முட்டினால் கழுத்தைக் கழற்றி மாட்டும் பெரிய வேலை காத்திருக்கிறது. 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் புதிய விரல்களுக்குச் சுகம். ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கீறுகின்றனவா என்றும் தடவிப் பாருங்கள்.

வாசித்துப் பாருங்கள்

ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மெதுவாக மீட்டுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இது முடியும். எங்கே அதிர்ந்து கரகரக்கிறது என்று காது சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளில் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஒரு சிறிய ஈரப்பதமானியைப் பெட்டிக்குள் வையுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்காமல், வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் உள்ளே போடுங்கள். அளவு 45-க்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுங்கள்.