கோவையில் ஓவியம் பார்க்க அரை நாள்

கல்யாணச் சீர், குலதெய்வம் கோயில் பொங்கல், மாமன் வீட்டு விருந்து என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த நாட்கள் தாமாகவே தீர்ந்துவிடும். அதற்குள் அரை நாளை அவிநாசி சாலையில் இருக்கும் கஸ்தூரி ஸ்ரீனிவாசன் கலைக்கூடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். கோவை என்றால் மில்லும் மோட்டார் பம்பும்தான் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

கஸ்தூரி ஸ்ரீனிவாசன் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவின் முதல் இயக்குநர். எழுதவும் செய்தார், ஓவியமும் தீட்டினார். அவர் பெயரிலான அறக்கட்டளைதான் இந்தக் கூடத்தை நடத்துகிறது. ஜவுளி அருங்காட்சியகமும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலம்தொட்டுப் பஞ்சை நம்பி வளர்ந்த ஊர் இது. அந்தத் தொழிலில் இருந்த ஒருவரே ஊருக்கு ஓவியக்கூடமும் வேண்டும் என்று நினைத்தாரே, அதில் எனக்குப் பெரிய பெருமை.

உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சிகள் வந்து போகும் இடம் என்பதால், இப்போது என்ன நடக்கிறது, எத்தனை மணிவரை என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையமும் இதே சாலையில்தான். ஆனால் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தில் வண்டி ஏறிவிட்டால் கூடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். கீழ்ச் சாலையிலேயே போகச் சொல்லுங்கள்.

கண்காட்சி நடக்கும் நாட்களில் பல சமயம் வரைந்தவரே அங்கே உட்கார்ந்திருப்பார். நம் ஆட்கள் அவரைத் தாண்டிப் போய்ப் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் போய், "ஏனுங்க, இதை எதுல வரைஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான், மனுஷர் எழுந்து வந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார். அக்ரிலிக் படம் என்றால் நேர் எதிரே நிற்பதோடு விடாமல் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். கத்தியால் வண்ணத்தை இழுத்த இடத்தில் வரப்பு மாதிரி மேடு எழும்பி நிற்கும். அடியில் முதலில் பூசிய வேறொரு நிறம் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். போனில் எடுத்த போட்டோவில் இது விழாது.

பிடித்திருந்தால் வாங்குங்கள். பெயர்ச்சீட்டின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுப்போனது. டாலரில் கணக்குப் போட்டு "இவ்வளவுதானா!" என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டாம்; சந்தைக்கடை பேரமும் வேண்டாம்.

கொண்டுபோவது சிரமமில்லை. கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் தளர்வாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணம் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும். புதிதாக வரைந்தது என்றால் சுற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

கோயில் பார்க்கப் பேரூருக்குப் போவீர்கள்தானே, வழியில் உக்கடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். காலை வெயிலில் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் குடும்பங்கள் குடியிருக்கின்றன. வாசலில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் கேமராவைத் தூக்குங்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஊர்க் கொண்டாட்டமான கோயம்புத்தூர் விழா எப்போது என்றும் விசாரியுங்கள். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓவியர்கள் தெருவிலேயே கடை விரிப்பார்கள்.

வெளிநாட்டுக்குத் திரும்பும்போது ஒன்று முக்கியம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம், சிற்பம் தொல்பொருள். அதை நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. பாட்டன் காலத்துப் படத்தைப் பாசத்தோடு பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இன்றைய ஓவியருடையதற்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் பில்லும், எந்த ஆண்டு வரைந்தது என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் வாங்கி, பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.