மரத்தில் பத்து மாடி: வரைபடத்திலேயே தொடங்கும் தவறுகள்

மர அலுவலகம் என்றதும் எல்லாரும் கேட்பது கறையானையும் தீயையும்தான். கேட்பதனாலேயே அவற்றை யாரும் மறப்பதில்லை. மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ பத்து மாடி வரைந்து பழகும் இளம் பொறியியலாளர்களின் தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற பிழை வேறு.

தூணின் தலையில் தீராந்தி, தீராந்தியின் முதுகில் தூண்

விறாந்தைக்குச் சரி. பத்து மாடிக்கு இதைவிட விலையுயர்ந்த பிழை இல்லை.

மார்கழி மழையில் இறுகி, கச்சான் வீசும்போது இடைவெளி காட்டும் கதவைப் பாருங்கள். அகலம் மாறுகிறது, உயரம் மாறுவதில்லை. எந்த ஓடாவிக்கும் தெரிந்த விசயம். ஈரம் ஒரு வீதம் குறைந்தால் ஊசியிலை மரம் நாருக்குக் குறுக்கே ஏறக்குறைய 0.25 வீதம் சுருங்கும். நார் வழியே 0.01 வீதந்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். வாடைக் காலத்தில் எழுப்பிய குளூலாம் ஒட்டுமரம் 16 வீத ஈரத்தில் நிற்கிறது. ஏசி ஓடத் தொடங்கியதும் 10 வீதத்துக்கு இறங்குகிறது. 600 மி.மீ. உயரத் தீராந்தி 9 மி.மீ. சுருங்கும். தூண் வரிசையில் இப்படி ஒன்பது தீராந்திகள் என்றால் 81 மி.மீ. நடுவிலுள்ள கொங்கிறீற்று லிஃப்ட் கூடு அந்த அளவுக்கு இறங்காது. மேல்மாடித் தளம் கூட்டிலிருந்து வெளிப்பக்கம் சரியும், கழிவுக் குழாயின் மூட்டு கழரும், கண்ணாடிச் சட்டம் நெரிபடும். சீமெந்துப் பூச்சால் மட்டம் பிடிக்கப் பார்ப்பார்கள். அது பாரத்தைக் கூட்டுவதோடு சரி.

சுருக்கத்தோடு நசுக்கமும் உண்டு. GL24h என்று அடையாளமிடும் குளூலாம் தரத்துக்கு நார் வழி அமுக்க வலிமை ஒரு சதுர மி.மீ.க்கு 24 நியூட்டன், குறுக்கே 2.5. அதாவது 400 மி.மீ. சதுரத் தூண், பாதுகாப்புக் குணகங்களைக் கழிக்குமுன், நார் வழியே 390 தொன் வரை தாங்கும். அதே பரப்புக்குக் கீழே தீராந்தி குறுக்கே கிடந்தால் 40 தொன்தான். ஆறு மீற்றருக்கு ஆறு மீற்றர் இடைவெளியில் தூண்கள் நின்றால், ஒரு மாடியிலிருந்து ஒரு தூணுக்கு ஏறக்குறைய 20 தொன் வரும். இரண்டு மாடியோடு கதை முடிந்தது.

செய்ய வேண்டியது: தூணின் முனை கீழ்த்தூணின் முனையில் உருக்குத் தகட்டு மூட்டோடு நேராக உட்காரட்டும். தீராந்தி தூணின் பக்கத்தில் தொங்கட்டும், அல்லது தூணில் வெட்டிய படியில் இருக்கட்டும். வன்கூவரில் 2017இல் திறந்த 18 மாடி புரொக் கொமன்ஸ் மாணவர் விடுதியில் தூண் மேல் தூணாகத்தான் உருக்கு மூட்டுகள் போகின்றன. அப்படியிருந்தும் எஞ்சிய குறுக்கத்தை ஈடுகட்ட, சில தளங்களில் மெல்லிய உருக்குத் தகடுகள் செருகினார்கள்.

நனைந்த பலகையை மூடுவது

பங்குனியில் சட்டகத்தைத் தூக்கத் தொடங்கினால் புரட்டாதிக்குள் கூரை மூடலாம். ஐப்பசி மழைக்கு அகப்பட்டால், குறுக்கடுக்குப் பலகைத் (பலகைகளை மாறி மாறிக் குறுக்காக அடுக்கி ஒட்டியது) தளத்தின் பொருத்துகளில் தண்ணீர் தேங்கி, வெட்டு முகம் வழியே உள்ளே உறிஞ்சப்படும். வெட்டு முகங்களுக்குத் தொழிற்சாலையிலேயே மெழுகுப் பூச்சுக் கேளுங்கள். ஈரமானியை மேலே அல்ல, பொருத்துக்கு அருகில் ஆழமாகக் குத்துங்கள். 16 வீதத்துக்கு மேலிருந்தால் சீமெந்துத் தட்டுப் போட வேண்டாம். உப்புக் காற்றில் கிடந்த மரத்தில் ஊசி ஈரமானி கூட்டித்தான் காட்டும். மேற்பரப்பைச் சீவிவிட்டு அளவுங்கள்.

தீயில் தூணைக் கணக்கிட்டு மூட்டை விடுவது

குளூலாம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரியும். 90 நிமிடத்துக்கு 63, கரிக்கு உள்ளே சூட்டில் வலுவிழந்த படை 7, மொத்தம் 70 மி.மீ. தூணைச் சுற்றி இதைச் சேர்த்துவிட்டு, உருக்கு மூட்டை அழகுக்காக வெளியே விட்டுவிடுகிறார்கள். தூண் நிற்கும், மூட்டு இளகும். அதற்கும் 70 மி.மீ. மரப்போர்வை வேண்டும்.

இலேசு என்று மகிழ்வது

பலகை ஒரு கன மீற்றர் 500 கிலோவுக்குள், கொங்கிறீற்று 2400. அத்திவாரத்துக்கு இலாபம், காற்றுக்கு நட்டம். நோர்வேயின் 85.4 மீற்றர் உயர மரக் கட்டடமான மியோஸ்தோர்ணேயில் ஆட்டத்தைக் குறைக்க மேல் 7 தளங்களைக் கொங்கிறீற்றில் போட்டார்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கரையில், மேல்நோக்கிய இழுவையைக் கணக்கிடாமல் நங்கூரம் தெரிவு செய்யாதீர்கள்.

கீழ்த்தளம்

கொங்கிறீற்று. வேறு பேச்சில்லை.

ஆணி

நாகம் பூசியது இந்தக் கடற்கரைக்குப் போதாது. 316 தரத் துருவேறா உருக்கு.

துளைகளைப் பிறகு பார்க்கலாம் என்பது

காலூன்றும் இடத்தருகே தீராந்தியின் அடியில் பள்ளம் வெட்டினால் அந்த மூலையிலிருந்து நார் வழியே பிளவு ஓடும். ஏசிக் குழாய், நீர்க்குழாய், தீயணைப்புக் குழாய் மூன்றின் பாதையும் முடிந்த பிறகே மரத்துக்கு ஓடர் கொடுங்கள். துளை தொழிற்சாலை இயந்திரத்தில் விழட்டும், ஏணியில் நிற்பவரின் கைத்துளைப்பானில் அல்ல.