பாலைவன மாகாணம் ஒன்றைப் பற்றி ஒப்படை எழுதுவது எப்படி?

ஏ.எல். புவியியலுக்குப் பாலைவனப் பிரதேசம் ஒன்றைப் பற்றி எழுதவிருக்கும் திருமலைப் பிள்ளைகளுக்கு இது. சகாராவை எல்லாரும் எழுதுவார்கள், நீங்கள் மொங்கோலியாவின் தென் கோபி மாகாணத்தை, அதாவது ஓம்னோகோவியை எடுங்கள். குளிர்ப் பாலைவனம் என்பதால் காரணம் விளக்க நிறைய இடம் கிடைக்கும்.

முதலில் குடித்தொகை அடர்த்தி. மாகாணத்தின் பரப்பு ஏறக்குறைய 165,000 சதுர கிலோமீற்றர், இலங்கையைப் போல இரண்டரை மடங்கு, ஆனால் சனம் எழுபதாயிரம் அளவுதான். நம் திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 2,727 சதுர கிலோமீற்றருக்குள் 379,541 பேர். வகுத்துப் பாருங்கள்: இங்கே சதுர கிலோமீற்றருக்கு 139 பேர், அங்கே ஒருவர்கூட வரமாட்டார்.

அப்புறம் காலநிலை. நமக்கு வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து மாரியில் கொட்டுகிறது. கோபிக்குக் கடலும் கிட்ட இல்லை, தெற்கே இமயமும் திபெத் மேட்டுநிலமும் வேறு மறித்து நிற்கின்றன. மாகாணத் தலைநகர் தலன்சட்காட்டில் வருட மழைவீழ்ச்சி 130 மில்லிமீற்றர் அளவு, அதிலும் பெரும்பகுதி யூன் முதல் ஓகஸ்ட் வரைதான்.

பாலைவனம் என்றதும் மணல்மேட்டைக் கீறிவிட்டுப் போகாதீர்கள். கொங்கோர் மணல்மேடுகள் பெரியவைதான், ஆனாலும் பெரும்பாலான நிலம் சரளைக்கல். குர்வன் சைக்கன் மலைத்தொடரின் யோலின் அம் பள்ளத்தாக்கில் கோடை தொடங்கிய பிறகும் பனிக்கட்டி கிடக்கும்.

புள்ளி போவது மக்கள் பகுதியில்தான். 'யாரும் வாழாத நிலம்' என்று தயவுசெய்து எழுத வேண்டாம், அது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்கிற அநியாயம். தண்ணீர் எங்கே என்று தேடுங்கள், மக்களும் அங்கேதான் இருப்பார்கள். கந்தளாய்க் குளத்தை நம்பி ஊர்கள் அமைந்த மாதிரி அங்கே கிணறுகளை நம்பி மேய்ச்சல். வெள்ளாடு, செம்மறி, குதிரை, இரட்டைத் திமில் ஒட்டகம் என்று வைத்துக்கொண்டு, புல்லைப் பார்த்து இடம் மாறுகிறார்கள். அவர்களுடைய 'கெர்' என்ற கம்பளிக் கூடாரத்தின் வாசல் தெற்கே பார்க்கும், குளிர்காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால். பனிக்காலத்துக்கு மட்டும் மலையடிவாரத்தில் காற்று மறைவாகக் குடும்பத்துக்கென்று ஓரிடம் இருக்கும். புல் பனிக்குள் புதைந்துபோனால் மந்தையே பட்டினியில் சாகும். 2009–2010 பனிக்காலத்தில் நாடு முழுவதும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் அப்படி அழிந்தன.

சரி, சுரங்கங்களையும் விட்டுவிடாதீர்கள். தவன் தொல்கொயில் நிலக்கரி, ஒயூ தொல்கொயில் செம்பும் தங்கமும். பின்னையது 2013இல் ஏற்றுமதி தொடங்கியது. படத்தில் சுரங்கத்திலிருந்து சீன எல்லைக்குப் போகும் பாதையைக் கட்டாயம் கீறுங்கள். அது மேய்ச்சல் நிலத்தை ஊடறுத்துத்தான் போகிறது, லொறித் தூசியைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் மந்தை வளர்ப்போர் முறையிடுவதை அந்தக் கோட்டின் பக்கத்திலேயே எழுதலாம்.